'சீசன்ஸ் இன் த சன்' பாட்டின் மூலவர் ழாக் பிரெல்: எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

கேள்வி
பதிவிட்டவர்: தெம்பனிஸ் அம்மா

அனைவருக்கும் வணக்கம்.

உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகள் தாய்மொழிப் பாடமாகத் தமிழையும் மூன்றாம் மொழியாகப் பிரெஞ்சையும் எடுத்திருக்கிறாள். பிரெஞ்சில் பாட்டெழுதித் தாமே பாடிய ஒருவரைப் பற்றி வகுப்பில் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். ஆசிரியர் தந்த பட்டியலில் ழாக் பிரெல் என்ற பெயரை அவள் தேர்ந்தெடுத்துவிட்டாள். ஏன் அவர் என்று கேட்டால், "இருப்பதிலேயே அவர் பெயர்தான் சின்னது" என்கிறாள்.

யார் இவர் என்று தேடிப் பார்த்தபோது எனக்கு வியப்பாகிவிட்டது. 2000ஆம் ஆண்டில் எங்கள் பள்ளியின் பிரிவுபசார நாளன்று நாங்கள் ஐந்து தோழிகள் மேடையேறி, பாதியிலேயே அழுது, பாடி முடிக்காமல் இறங்கிய 'சீசன்ஸ் இன் த சன்' பாட்டின் மூலம் இவருடையதாம். வெஸ்ட்லைஃப் குழுவினரின் பாட்டு என்றே இத்தனை ஆண்டுகளாக நினைத்திருந்தேன்.

படிக்கப் படிக்கக் குழப்பமும் கூடுகிறது. ஓரிடத்தில் பெல்ஜியக்காரர் என்றும் மற்றோரிடத்தில் பிரெஞ்சுப் பாடகர் என்றும் எழுதியிருக்கிறார்கள். புகழின் உச்சியில், நாற்பது வயது ஆவதற்கு முன்பே, மேடையை விட்டு விலகினார் என்பது ஒரு செய்தி. புற்றுநோயால்தான் விலகினார் என்பது இன்னொன்று. எனக்குப் பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாது. மகளுடன் உட்கார்ந்து கேட்பதற்கு எந்தப் பாட்டுகளிலிருந்து தொடங்கலாம் என்பதையும், இவருடைய வாழ்க்கையில் எதைச் சொன்னால் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் காது கொடுப்பார்கள் என்பதையும், தெரிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில் 1
பதிவிட்டவர்: பழைய இசைத்தட்டு

உங்கள் இரு குழப்பங்களையும் முதலில் தீர்த்துவிடுகிறேன். பிரெல் பெல்ஜியக்காரர், பிரெஞ்சு அவர் வீட்டு மொழி, பெயர் பெற்றது பாரிசில். மேடையை விட்டது 1967இல்; புற்றுநோய் தெரியவந்தது 1974இல். இவ்விரண்டுக்கும் இடையே ஏழாண்டுகள் இருப்பதால் நோய்க்கும் விலகலுக்கும் தொடர்பில்லை.

1929ஆம் ஆண்டு ஏப்ரல் 8 அன்று பிரசல்சின் ஸ்கார்பேக் பகுதியில் அவர் பிறந்தார். தந்தை அட்டைப் பெட்டித் தொழிற்சாலை ஒன்றின் பங்குதாரர். படிப்பு ஏறாத மகனை அங்கேயே வேலைக்கு வைத்தார்கள். பகலில் அட்டை விற்பனைக் கணக்கு, இரவில் கிட்டாரும் பாட்டும் என்று சில ஆண்டுகள் ஓடின. 1950இல் திருமணம், அடுத்தடுத்து இரண்டு பெண் குழந்தைகள். நம் ஊரில் என்றால், "இனி ஒழுங்காக வேலையைப் பார்" என்று பெரியவர்கள் சொல்லும் கட்டம் இது. அங்கும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் 1953இல் வெளியான அவருடைய முதல் இசைத்தட்டைக் கேட்ட ழாக் கனேத்தி என்ற பாரிஸ் இசைத் தயாரிப்பாளர் அழைப்பு விடுக்கவே, குடும்பத்தைப் பிரசல்சில் விட்டுவிட்டுக் கிட்டாருடன் ரயிலேறிவிட்டார். அதே ஆண்டு நோக்கே என்னும் கடலோர நகரில் நடந்த பாட்டுப் போட்டியில் அவருக்குக் கிடைத்தது கடைசிக்கு முந்தைய இடம்.

பாரிசிலும் எடுத்த எடுப்பில் யாரும் மாலை போடவில்லை. நீண்ட பற்கள், பொருந்தாத உடை, கேட்பவருக்கு உபதேசம் செய்வது போன்ற வரிகள். அந்த உபதேசத் தொனிக்காகவே, ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த பாடகர் ழார்ழ் பிராசென்ஸ் அவரைப் 'பாதிரியார் பிரெல்' என்று கேலி செய்தார். கனேத்தியின் 'த்ருவா போதே' என்னும் சிறிய அரங்கில் அவர் பாடிக்கொண்டிருந்த நாளில், அவருடைய பாட்டைப் பெரிய மேடைக்குக் கொண்டுபோனவர் பாடகி ழுலியெத் கிரேக்கோ. 1954இல் அதைப் பாரிசின் பெரிய அரங்கான ஒலிம்பியாவில் அவர் பாடினார். பிரெல் தம் குரலிலேயே பெயர் வாங்க 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு வந்த 'கான் தொன் நா கெ லமூர்' அடுத்த ஆண்டு சார்ல் குரோ கழகத்தின் இசைத்தட்டு விருதைப் பெற்றுத் தந்தது. கையில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லாதபோது என்று பொருள் கொள்ளலாம்.

பலரும் சொல்லாமல் கடந்துபோகும் ஒரு செய்தி அவருடைய துணைவர்களைப் பற்றியது. 1956, 57 வாக்கில் பிரான்சுவா ரோபேர், ழெரார் ழுவானெஸ்ட் என்ற இரு பியானோ கலைஞர்கள் அவருடன் சேர்ந்தார்கள். ரோபேர் வாத்தியக் குழுவுக்கான அமைப்பைப் பார்த்துக்கொண்டார். ழுவானெஸ்ட் மேடையில் உடனிருந்ததுடன் பல பாட்டுகளுக்கு மெட்டும் அமைத்தார். பியானோ வந்ததும் கிட்டாருக்கு வேலையில்லாமல் போயிற்று. பிரெல்லின் இரண்டு கைகளும் விடுதலையான நாள் அதுதான் என்பேன். அதன் பிறகே நாம் காணொளிகளில் பார்க்கும் பிரெல் உருவானார்: கிழவனைப் பற்றிப் பாடும்போது தோள் கூனும், குடிகாரனைப் பற்றிப் பாடும்போது நா குழறும், கைகள் காற்றில் யாரையோ தேடும். நம் கூத்துக் கலைஞர்களைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகவே தோன்றாது.

1961இல் நடிகையும் பாடகியுமான மார்லீன் டீட்ரிக் வராமல் போனதால் ஒலிம்பியாவின் முதன்மை இடம் அவருக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு பின்வாங்கவே இல்லை. 1964இல் அதே மேடையில் பாடிய 'ஆம்ஸ்டர்டாம்' பாட்டைத் தயவுசெய்து காணொளியாகவே பாருங்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் அதை அவர் பதிவு செய்யவே இல்லை. உலகம் கேட்பது அந்த மேடைப் பதிவைத்தான். துறைமுகத்து மாலுமிகள் குடிக்கிறார்கள், தின்கிறார்கள், ஆடுகிறார்கள். சுற்றிச் சுற்றி வருவது ஒரே மெட்டு. ஒவ்வொரு சுற்றிலும் குரல் ஒரு படி ஏறுகிறது, வாத்தியம் ஒரு படி தடிக்கிறது. மூன்றே கால் நிமிடத்துக்குள் முகம் முழுவதும் வியர்வை வழிகிறது. கடைசிச் சொல்லோடு விளக்கு அணையும்போது, பார்ப்பவருக்கே மூச்சு வாங்கும்.

நம் மேடைகளில் 'ஒன்ஸ் மோர்' என்ற குரல் எழுந்தால் அது பாடகருக்குக் கிடைக்கும் மரியாதை. பிரெல் ஒன்ஸ் மோருக்கு இணங்காதவர் என்றே பெயர் பெற்றவர். எத்தனை நிமிடம் கை தட்டினாலும் பாடியது பாடியதுதான். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் பயத்தில் வாந்தி எடுத்துவிட்டுத்தான் மேடையேறுவார் என்று அவருடன் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சில ஆண்டுகளில் 300 நிகழ்ச்சிகளைத் தாண்டிய மனிதர் இவர். அந்தப் பயம் போய்ப் பழக்கம் வந்துவிட்டால் கேட்பவர்களை ஏமாற்றியதாகிவிடும் என்பதே, 1966இல் விலகலை அறிவித்தபோது அவர் தந்த விளக்கத்தின் சாரம். அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் ஒலிம்பியாவில் விடைபெற்றபோது கூட்டம் கலைய மறுத்தது. உடை மாற்றும் அறையிலிருந்து குளியல் அங்கியுடன் திரும்பத் திரும்ப வந்து வணங்கினார். அன்றைக்கும் கூடுதலாக ஒரு பாட்டும் பாடவில்லை. ஒப்புக்கொண்டிருந்த நிகழ்ச்சிகளையெல்லாம் முடித்துக் கொடுத்து, 1967 மே 16 அன்று வட பிரான்சின் ரூபே நகரில் கடைசியாகப் பாடினார். அப்போது வயது 38.

இனி உங்கள் பிரிவுபசாரப் பாட்டு. அதன் மூலம் 1961இல் வந்த 'ல மொரிபோன்', அதாவது சாகக் கிடப்பவன். அவன் நால்வரிடம் விடைபெறுகிறான்: எமீல் என்னும் நண்பன், ஒரு பாதிரியார், அந்துவான் என்பவன், கடைசியாகத் தன் மனைவி. இந்த அந்துவான் யார் என்றால், அந்த மனைவியின் கள்ளக்காதலன்! தனக்கு எல்லாம் தெரியும் என்று குத்திக்காட்டிக்கொண்டே, துள்ளலான மெட்டில் போய் வருகிறேன் என்கிறான். ராட் மெக்குயென் ஆங்கிலமாக்கி, 1974இல் டெரி ஜாக்ஸ் பாடிப் புகழ்பெற்ற வடிவத்தில் பாதிரியாரும் அந்துவானும் மனைவியும் மறைந்து, தந்தையும் ஒரு சிறுமியும் வந்துவிட்டார்கள். மிளகாயை எடுத்துவிட்டுச் சர்க்கரை போட்ட கதைதான். நீங்கள் அழுதது அந்தச் சர்க்கரைக்கு; அதில் தவறொன்றும் இல்லை.


பதில் 2
பதிவிட்டவர்: புதுவை வேர்

மேலே எழுதியவர் வாழ்க்கையை நன்றாகச் சொல்லிவிட்டதால் மொழியைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன். என் தாத்தா புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர். 'ழாக்' என்று ழகரம் போட்டு எழுதுவது அந்த ஊர் வழக்கு. ஒலி அப்படியே பொருந்தாது என்றாலும் 'ஜாக்' என்று எழுதினால் அவருக்குக் கோபம் வரும்.

நம்மில் யாராவது பாட்டு என்று சொன்னால் எழுதியவர் ஒருவர், மெட்டமைத்தவர் ஒருவர், பாடியவர் ஒருவர் என்று மூன்று பெயர்கள் நினைவுக்கு வரும். பிரெஞ்சில் 'ஷான்சோன்' என்ற மரபில் சொல்லுக்கே முதலிடம். எழுதியவரே வந்து நின்று சொல்வதைத்தான் கேட்க வருகிறார்கள். மெட்டு சொல்லைத் தாங்கிப் பிடித்தால் போதும். எனவே, உச்சரிப்பு தெளிவாக இருக்கும் இவருடைய பாட்டுகள் மொழி கற்பவருக்கு மிகவும் ஏற்றவை.

'நெ ம கித் பா' என்ற 1959ஆம் ஆண்டுப் பாட்டை உங்கள் மகள் எப்படியும் எதிர்கொள்வாள். ஆங்கிலத்தில் அது 'இஃப் யூ கோ அவே' ஆயிற்று. இங்கே ஒரு இலக்கணத்தைக் கவனியுங்கள். ஆங்கிலம் 'நீ போய்விட்டால்' என்கிறது. பிரெஞ்சோ 'என்னை விட்டுப் போகாதே' என்கிறது. ஒன்று நிபந்தனை எச்சம், மற்றொன்று எதிர்மறை ஏவல். தமிழில் இரண்டையும் சொல்லிப் பார்த்தாலே வேறுபாடு நாக்கில் தெரியும். முன்னதில் கொஞ்சம் கௌரவம் மிஞ்சியிருக்கிறது. பின்னதில் ஒன்றும் மிஞ்சவில்லை. மழையே பெய்யாத நாட்டிலிருந்து மழைமுத்து கொண்டுவந்து தருவதாக வாக்களிக்கும் அந்த மனிதன், பாட்டு முடிவதற்குள் அவளுடைய நாயின் நிழலாக இருக்கவும் சம்மதித்துவிடுகிறான். திருமண மேடைகளில் இதைக் காதல் பாட்டாகப் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரெல்லோ இது காதல் பாட்டன்று, ஆண்களின் கோழைத்தனத்தைப் பற்றியது என்றே சொன்னார்.

பெல்ஜியமா பிரான்சா என்ற கேள்வி சிங்கப்பூர் பிள்ளைகளுக்கு உடனே புரியும். பெல்ஜியத்தில் டச்சு, பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மூன்றும் ஆட்சிமொழிகள். பிரெல்லின் தந்தைவழி பிளெமிய வழி, அதாவது பெல்ஜியத்தில் டச்சு பேசுவோர் வழி. வீட்டில் பேசியதோ பிரெஞ்சு. தாத்தா பாட்டி ஒரு மொழி, சோற்று மேசையில் வேறு மொழி என்ற நிலையை நம் அடுக்குமாடி வீடுகளில் விளக்க வேண்டுமா என்ன? 'மரீக்க' என்ற 1961ஆம் ஆண்டுப் பாட்டில் பிரெஞ்சும் பிளெமியமும் மாறி மாறி வருகின்றன. புரூஜ், கெண்ட் நகரக் கோபுரங்களுக்கு நடுவே ஒரு பெண்ணைத் தேடும் பாட்டு அது. 1962இல் எழுதிய 'ல ப்லா பெயி' மலையே இல்லாத தட்டை நிலத்தைப் பற்றியது. தேவாலயக் கோபுரங்களைத்தான் அங்கே மலைகள் என்கிறார். அதை டச்சு மொழியிலும் பாடிப் பதிவு செய்தார். அதே மனிதர், 1959இல் 'லெ பிளமாந்த்' என்ற பாட்டில் பிளெமியப் பெண்களைக் கேலி செய்து பெரும் எதிர்ப்பைச் சம்பாதித்தார்; 1977இல் பிளெமியத் தேசியவாதிகளை இன்னும் கடுமையாக ஏசினார். தன் வீட்டாரைத் திட்ட எனக்கு உரிமை உண்டு என்ற எண்ணம் போலும். திட்டு வாங்கியவர்கள் அவரை வீட்டாராகக் கருதினார்களா என்பது வேறு விஷயம்.

தொடங்குவதற்கு நான் பரிந்துரைப்பது 1962இல் வந்த 'ரோசா'. இலத்தீன் வகுப்பில் பிள்ளைகள் ரோசாப்பூ என்னும் சொல்லை வேற்றுமை உருபேற்றி மனப்பாடம் செய்வார்கள்: ரோசா, ரோசா, ரோசாம், ரோசே, ரோசே, ரோசா. நம் பள்ளிகளில் 'ஐ, ஆல், கு, இன், அது, கண்' ஒப்பிக்கவில்லையா, அதேதான். அந்த மனப்பாடத்தைப் பிரெல் டாங்கோ நடனத்துக்கான பாட்டாக்கிவிட்டார்! தேர்வில் பின்தங்கும் மாணவனின் மனக்கசப்பு முழுவதும் அதில் உண்டு. பதின்மூன்று வயதுக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு கிடைக்காது.


பதில் 3
பதிவிட்டவர்: உட்லண்ட்ஸ் வாசகி

அருமையான பதில்களுக்கு நடுவே ஒரு சிறிய முணுமுணுப்பு. அல்லியான்ஸ் பிரான்சேஸ் வகுப்பில் பிரெஞ்சு கற்றபோது நானும் பிரெல் பைத்தியமாக இருந்தவள்தான். ஆனால் அவருடைய பாட்டுகளைத் தொடர்ந்து கேட்டால், பெண்கள் பெரும்பாலும் வராமல் ஏமாற்றுகிறவர்களாகவோ, விட்டுப் போகிறவர்களாகவோ, திரும்பி வந்து ஆளைக் கெடுக்கிறவர்களாகவோதான் இருக்கிறார்கள். 'மத்லென்' பாட்டில் ஒருவன் பூங்கொத்துடன் ஒவ்வொரு வாரமும் காத்திருக்கிறான். அவள் வரவே மாட்டாள். அவளுக்கு அவனைப் பிடிக்காமல் இருக்கலாம் என்ற எண்ணமே பாட்டில் எழவில்லை. மகளிடம் இதையும் கேட்டுப் பாருங்கள், அக்கா. வகுப்பில் நல்ல விவாதமாகும்.

எனக்கு இன்றுவரை பிடித்திருப்பது 1963ஆம் ஆண்டின் 'லெ வியூ', முதியோர். கட்டிலிலிருந்து சன்னலுக்கும், பிறகு கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், பிறகு கட்டிலிலிருந்து கட்டிலுக்கே என்றும் அவர்களுடைய உலகம் சுருங்குவதையும், கூடத்துக் கடிகாரம் ஆம் என்றும் இல்லை என்றும் ஆடிக்கொண்டே காத்திருப்பதையும் அவர் குரலை உயர்த்தாமலே பாடுகிறார். என் பாட்டி ஈரறை வீட்டில் தனியாக இருந்த கடைசி இரண்டு ஆண்டுகளில் இந்தப் பாட்டைக் கேட்கும் தைரியம் எனக்கு வந்ததில்லை.


பதில் 4
பதிவிட்டவர்: கப்பல் பட்டறைக்காரன்

நான் துவாஸ் பக்கம் கப்பல் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன். பிரெல்லிடம் பாட்டு வழியாக நான் வரவில்லை. படகு வழியாக வந்தேன்.

மேடையை விட்ட பின் அவர் சும்மா இருக்கவில்லை. டான் கிஹோட்டேயைப் பற்றிய ஆங்கில இசை நாடகத்தைத் தாமே பிரெஞ்சில் ஆக்கி, 1968, 69இல் நடித்தார். சில படங்களில் நடித்தார், இரண்டு படங்களை இயக்கினார், இரண்டாவது படுத்துவிட்டது. ஏற்கெனவே கற்றிருந்த விமானம் ஓட்டுவதில் மேலும் தேர்ச்சி பெற்றார். 1974இல் 'அஸ்கோய்' என்ற 18 மீட்டர் நீள எஃகுப் பாய்மரக் கப்பலை வாங்கி, உலகைச் சுற்றுவதற்கு ஆண்ட்வெர்ப் துறைமுகத்திலிருந்து ஜூலையில் கிளம்பினார். அந்த இலையுதிர்காலத்தில்தான் நுரையீரல் புற்றுநோய் தெரியவந்தது. நவம்பரில் பிரசல்சில் அறுவை சிகிச்சை; ஆண்டு முடிவதற்குள் மீண்டும் கப்பலேறி அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கிவிட்டார். நெஞ்சைத் திறந்து சில வாரங்களே ஆன ஒருவர், அந்த அளவுள்ள பாய்களை இழுத்துக் கட்டுவது என்றால் என்னவென்று எங்கள் பட்டறையில் உள்ளவர்களைக் கேட்டால் சொல்வார்கள். துணைக்கு மாட்லி பாமி என்ற தோழி இருந்தார்.

பனாமாக் கால்வாய் வழியாகப் பசிபிக்கில் நுழைந்து, 1975 நவம்பரில் மார்க்கேசாஸ் தீவுக்கூட்டத்தின் ஹிவா ஓவா தீவை அடைந்தார்கள். பிரெஞ்சுப் பொலினீசியாவின் அந்த மூலையில் அவரைப் பாடகராக அறிந்தவர் மிகச் சிலரே. அங்கேயே தங்கிவிட்டார். கப்பலை விற்றார், இரட்டை எந்திர விமானம் ஒன்றை வாங்கி, 1974இல் இறந்துபோன தம் நெருங்கிய நண்பரின் செல்லப்பெயரான 'ழோழோ'வையே அதற்கும் வைத்தார். தீவுகளுக்கிடையே தபாலையும் நோயாளிகளையும் அதில் ஏற்றிச் சென்றார்.

1977இல் கடைசியாக ஒருமுறை பாரிசுக்கு வந்து, அதே ரோபேர், ழுவானெஸ்ட் இருவருடனும் புதிய பாட்டுகளைப் பதிவு செய்தார். விளம்பரம் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியும், நவம்பர் 17 அன்று வெளிவந்த அந்த இசைத்தட்டுக்கு அதற்கு முன்பே பத்து லட்சம் பிரதிகள் கேட்டுப் பதிவாகியிருந்தன. பாடியவற்றில் தமக்கு நிறைவு தராத ஐந்து பாட்டுகளை நிறுத்திவைத்தார். அவை 2003இல்தான் வெளிவந்தன. 1978 அக்டோபர் 9 அன்று, பாரிசை ஒட்டிய பொபினி மருத்துவமனையில் 49 வயதில் இறந்தார். ஹிவா ஓவாவின் அத்துவோனா ஊர் இடுகாட்டில், ஓவியர் கோகேனின் கல்லறைக்குச் சற்றுத் தள்ளி அவரை அடக்கம் செய்தார்கள். அந்த விமானம் இன்றும் அங்கே காட்சிக்கு இருக்கிறது.

அஸ்கோயின் கதையையும் உங்கள் மகள் சொல்லலாம். பலர் கைமாறிய அது நியூசிலாந்தின் கரையொன்றில் சிதைந்து, மணலில் பல ஆண்டுகள் புதைந்து கிடந்தது. பிறகு அதைத் தோண்டியெடுத்து, துருப்பிடித்த வெற்றுக் கூடாகவே 2008இல் பெல்ஜியத்துக்குக் கொண்டுபோய்ச் சீரமைக்கத் தொடங்கினார்கள். அந்த நிலையில் ஓர் எஃகுக் கூடு எங்கள் பட்டறைக்கு வந்திருந்தால், எடை போட்டுப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பியிருப்போம்.


பதிவிட்டவர்: தெம்பனிஸ் அம்மா

இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு இருவரும் ஆம்ஸ்டர்டாம் காணொளியைப் பார்த்தோம். அவர் எதற்காக இவ்வளவு கோபமாக இருக்கிறார் என்று கேட்ட மகள், முடிந்ததும் மறுபடி ஒருமுறை போடச் சொன்னாள். ஒன்ஸ் மோர் கிடையாது என்றேன். கைப்பேசியைப் பிடுங்கி அவளே போட்டுக்கொண்டாள்.

உட்லண்ட்ஸ் வாசகியின் கேள்வியை அவளிடம் வைத்தேன். 'மத்லென்' பாட்டை அந்தப் பெண் சொல்வது போல மாற்றி எழுதி, பேச்சின் முடிவில் வாசிக்கப் போவதாகச் சொல்கிறாள். ஆசிரியர் என்ன சொல்வாரோ, தெரியவில்லை.

'ரோசா' மெட்டில் நம் உருபுகளையும் போட்டுப் பார்த்தோம். ரோசாவை, ரோசாவால், ரோசாவுக்கு, ரோசாவின், ரோசாவினது என்று ஓரளவு ஓடுகிறது. 'ரோசாவின்கண்' வரும் இடத்தில் மட்டும் தாளம் இடிக்கிறது. புதுவை வேர் ஐயாவுக்கு வழி ஏதேனும் தோன்றினால் வியாழக்கிழமைக்குள் எழுதவும்.